சூயஸ் கால்வாய் திறந்துதானே இருக்கு, அப்புறம் எதுக்கு என் கன்டெய்னர் ஆப்பிரிக்காவ சுத்திப் போகுது?

சிங்கம்புணரி நார்மில்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கம்புணரி பக்கத்துல சின்னதா ஒரு காயர் பித் யூனிட் வச்சிருக்கேன். மட்டைல நார் உரிச்சது போக மிஞ்சுற தூள நல்ல தண்ணில அலசி உப்ப எறக்கி, களத்துல காயப்போட்டு, 5 கிலோ கட்டியா பிரஸ் அடிச்சு ஹாலந்துக்கு அனுப்புறோம், அங்க தக்காளி வெள்ளரி போடுற கண்ணாடிக் கூடாரத்துல மண்ணுக்குப் பதிலா இதுலதான் செடி வைக்கிறாங்க. சரக்கு தூத்துக்குடில ஏறி கொழும்புல பெரிய கப்பல் மாறி ராட்டர்டாம்ல போய் எறங்கும்.

முன்னெல்லாம் எந்த வாரம் போய்ச் சேரும்னு பார்ட்டிகிட்ட தைரியமா சொல்லுவேன், இப்ப வாயத் தொறக்கவே பயமா இருக்கு. ட்ராக்கிங்ல பாத்தா கப்பல் தென்னாப்பிரிக்கா முனைல போய்க்கிட்டு இருக்கு. புக்கிங் போட்டுக் குடுத்தவர்கிட்ட கேட்டா "சூயஸ் பிரச்சன சார்"னு ஒத்த வரில முடிச்சிட்டு எக்ஸ்ட்ரா சார்ஜ் சேத்து பில்ல அனுப்பி விட்டுட்டார். ஆனா நியூஸ்ல சூயஸ் கால்வாய் மூடலன்னுதான் சொல்றாங்க.

எனக்கு இத அடியில இருந்து தெரிஞ்சுக்கணும். பிரிட்டிஷ்காரன் இந்தியாவுக்கு சீக்கிரம் வர்றதுக்காக வெட்டுன கால்வாய்னுதான் நான் கேள்விப்பட்டது, அது சரியா, இப்ப அது யார் கையில இருக்கு, எதுக்காக இம்புட்டு சண்ட அதுக்காக நடந்துச்சு? ப்ளஸ் டூ படிக்கிற பையன் கதவு போட்டு தண்ணிய ஏத்தி எறக்கி கப்பல விடுவாங்கன்னு சொல்றான், அதுவும் உண்மையா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க, பெருசா இருந்தாலும் பரவால்ல, உக்காந்து படிக்கிறேன்.

கேகேநகர் சீஃப்:

தம்பி, கப்பல்ல சீஃப் இன்ஜினியரா இருந்து ரிட்டயர்டு ஆகி இப்ப மதுரை கே.கே.நகர்ல இருக்கேன். சூயஸ்ல பல தடவ போய் வந்திருக்கேன், அதனால பையன் சொன்னதுக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன். சூயஸ்ல கதவே கிடையாது. மத்தியதரைக் கடலும் செங்கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அதனால மண்ணத் தோண்டி ரெண்டு கடலையும் சேத்து விட்டுட்டாங்க, அம்புட்டுதேன். கதவு வச்சு தண்ணி ஏத்துறது பனாமாவுல. அங்க நடுவுல இருக்குற காட்டுன் ஏரி கடல் மட்டத்துல இருந்து 26 மீட்டர் உசரத்துல இருக்கு, கப்பல படிப்படியா தூக்கி ஏரில விட்டு மறுபக்கம் எறக்குவாங்க.

சூயஸ் நீளம் இப்ப 193 கிலோமீட்டர். வடக்க போர்ட் சையது, தெக்க சூயஸ் ஊரு, நடுவுல இஸ்மாயிலியா. நெனச்ச நேரத்துக்கு உள்ள போக முடியாது, வெளிய ஆங்கர் போட்டுக் காத்திருந்து கான்வாய்ல வரிசையாத்தான் போகணும். கப்பலுக்கு வழிகாட்ட எகிப்து பைலட் ஏறுவார், இஸ்மாயிலியாவுல ஆள் மாறும். கப்பல் மூக்குல பெரிய சர்ச்லைட் ஒண்ணு இருக்கணும். அப்புறம் கரையில கயிறு கட்டுற ஆளுங்க ரெண்டு சின்ன போட்டோட வந்து ஏறிக்குவாங்க, அந்தப் போட்ட நம்ம கிரேன்லயே தூக்கி வச்சுக்கணும், எங்கயாவது கப்பல நிறுத்த வேண்டி வந்தா அவங்க எறங்கிப் போய் கரையில கயித்த மாட்டுவாங்க. மணிக்கு 14ல இருந்து 16 கிலோமீட்டர் வேகம்தான், ஒரு பக்கம் கடக்க 12 மணி நேரத்துல இருந்து 16 மணி நேரம் ஆயிரும்.

மேல நிக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கமும் மணலும் ஈச்ச மரமும் தெரியும். எங்களுக்கு இன்ஜின் ரூம்தான். இன்ஜின குளிரவைக்க கடல் தண்ணிய உறிஞ்சுற வழி கப்பலுக்கு ரெண்டு இருக்கும், அடியில ஒண்ணு, பக்கவாட்டுல மேல ஒண்ணு. கால்வாய்க்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி அடி வழிய மூடி மேல் வழிக்கு மாத்திரணும், மறந்தா அடி மண்ணும் சேறும் உள்ள ஏறி ஃபில்டர் எல்லாம் அடைச்சு இன்ஜின் சூடாயிரும். ஸ்டீயரிங் மெஷின் இருக்குற ரூம்ல ஒரு ஆள் போனோட நின்னுக்கிட்டே இருப்பான். காரணம் என்னன்னா, கால்வாய் மாதிரி ஒடுக்கமான தண்ணில கப்பல் போறப்ப ஒரு பக்கம் கரைய ஒட்டிட்டா அந்தப் பக்கம் தண்ணி வேகமா ஓடி அழுத்தம் கொறஞ்சு கப்பலோட பின்பக்கத்த கரை இழுக்க ஆரம்பிச்சிரும், மூக்கு எதிர்க்கரைக்குத் திரும்பிரும். வேகம் கூடுனா இழுப்பும் கூடும். ஒரு நிமிசம் ஸ்டீயரிங் கையில இல்லன்னா கத முடிஞ்சுது.

2021 மார்ச் 23ல எவர் கிவன்னு ஒரு கன்டெய்னர் கப்பல் கால்வாய்க்குக் குறுக்க மாட்டுச்சே, 400 மீட்டர் நீளம், 59 மீட்டர் அகலம், பலமான காத்து வேற மண்ணு வாரி வீசுற நேரம். மேல அடுக்குன பெட்டி எல்லாம் பாய்மரம் கணக்கா காத்தப் பிடிக்கும். அது மாட்டுன எடம் தெக்கால, ஒத்த வழி மட்டும் உள்ள பகுதி, அதனால பின்னாடி வந்த எதுவும் ஒதுங்கிப் போக வழியில்ல. 29ந் தேதி பௌர்ணமி ஒட்டி வந்த பெரிய கடல் ஏத்தத்துல தூர் வாருற டிரெட்ஜரும் இழுவைப் படகுகளும் சேந்து இழுத்து விடுவிச்சாங்க. அந்தக் கப்பல்ல இருந்த 25 பேரும் நம்ம இந்தியப் பசங்க. ஆறு நாள் உலகமே அவங்களத்தான் பாத்துச்சு, அந்தப் பசங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு கடல்ல இருந்தவனுக்குத்தான் தெரியும்.

சரித்திரம் எல்லாம் நம்ம பசுமலை டீச்சர் சொன்னா நல்லா இருக்கும்.

பசுமலை டீச்சர்:

சீஃப் சார் கூப்பிட்டதுக்கு நன்றி. நார்மில் தம்பி, பிரிட்டிஷ்காரங்க அத வெட்டல. வெட்டவிடாம வருசக்கணக்கா தடுத்துப் பாத்தாங்க. வெட்டுனது ஒரு பிரெஞ்சு கம்பெனி, வெட்டுன கை எகிப்து விவசாயிங்களோட கை.

கொஞ்சம் பின்னாடி போறேன், ஏன்னா இதுல நம்ம பாண்டிநாட்டுக்கும் பங்கு இருக்கு. ரோமாபுரி காலத்துல நம்ம முத்தும் மிளகும் துணியும் செங்கடல் வரைக்கும் கப்பல்ல போகும். அங்க பெரெனிகே, குசைர் அல் கதீம்னு துறைமுகங்கள்ல எறக்கி, ஒட்டகத்துல ஏத்தி பாலைவனத்தக் கடந்து நைல் ஆத்துக்குக் கொண்டுபோய், மறுபடி படகுல அலெக்சாண்ட்ரியா. அந்த ரெண்டு துறைமுகத்துலயும் தமிழ் பிராமி எழுத்து கீறுன பானை ஓடு கெடச்சிருக்கு, குசைர்ல கெடச்சதுல கணன், சாதன்னு பேரே இருக்கு. கீழடி மியூசியத்துல ஓட்டுல கீறுன பேர்களப் பாக்குறப்ப எனக்கு அந்த செங்கடல் ஓடுதான் ஞாபகம் வரும், அதே பழக்கம், அதே எழுத்து. ஆக, சூயஸ் கால்வாய் தீத்த பிரச்சன ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி நம்மாளுங்களும் பட்ட பிரச்சனதான், நடுவுல குறுக்க கெடக்குற அந்தத் துண்டு நெலம்.

அதத் தாண்ட அப்பயே முயற்சி பண்ணிருக்காங்க. நைல் ஆத்துல இருந்து செங்கடலுக்கு ஒரு கால்வாய பாரசீக ராசா டேரியஸ் வெட்டி கல்வெட்டும் நட்டு வச்சார். அது தூர்ந்து, மறுபடி தோண்டி, மறுபடி தூர்ந்து, எட்டாம் நூத்தாண்டுல ஒரேயடியா மூடிட்டாங்க. 1799ல நெப்போலியன் கூட வந்த சர்வே ஆளுங்க செங்கடல் மத்தியதரைக் கடல விட கிட்டத்தட்ட 10 மீட்டர் உசரம்னு தப்பா அளந்துட்டாங்க. வெட்டுனா வெள்ளம் வந்துரும்னு அந்தப் பேச்சு அப்படியே நின்னுபோச்சு. 1847ல மறுபடி அளந்தப்பதான் அப்படி வித்தியாசமே இல்லன்னு தெரிஞ்சுச்சு.

அந்த பிரெஞ்சு கம்பெனிய ஆரம்பிச்ச பெர்டினான்ட் டி லெசெப்ஸ் இன்ஜினியர் கெடையாது, தூதரா இருந்தவர். எகிப்த ஆண்ட சையது பாஷா அவருக்கு பழைய பழக்கம், 1854ல அவர்கிட்ட அனுமதி வாங்குனார். தொறந்த நாள்ல இருந்து 99 வருசத்துக்கு கம்பெனி நடத்தும், அப்புறம் எகிப்துக்கு, இதான் ஒப்பந்தம். 1859ல வேல ஆரம்பிச்சு 1869 நவம்பர் 17ல தொறந்தாங்க. ஆரம்பத்துல ஆழம் 8 மீட்டர்தான், அடி அகலம் 22 மீட்டர்.

அந்த மொத வருசங்களத்தான் நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல. கட்டாய வேலை. ஊர் ஊரா ஆள் பிடிச்சு மாசத்துக்கு 20,000 பேர அனுப்பணும். அதுக்கு அடுத்த மாசம் போக வேண்டிய கூட்டம் வழியில வந்துக்கிட்டு இருக்கும், முந்துன மாசம் முடிச்ச கூட்டம் ஊருக்கு நடந்துக்கிட்டு இருக்கும், அப்ப விதைக்கிறதுக்கும் அறுக்கிறதுக்கும் ஊர்ல யாரு இருந்திருப்பா? கூடையில மண்ணு அள்ளி கரையில ஏத்திக் கொட்டுறது, பல எடத்துல வெறுங்கையால. குடிக்கத் தண்ணி இல்லாத பாலைவனம்கிறதால நைல்ல இருந்து நல்ல தண்ணிக் கால்வாய் ஒண்ண தனியா வெட்டுனாங்க, அது வந்து சேர்ற வரைக்கும் ஒட்டகத்துல வந்த தண்ணிதான். எத்தன பேர் செத்தாங்கன்னு கம்பெனி ஒரு கணக்கு சொல்லுச்சு, அது ரொம்பக் கம்மி. எகிப்து அதிபர் நாசர் 1956ல 1,20,000 பேர்னு சொன்னார். எந்தக் கணக்கா இருந்தாலும் அந்த சனங்க பேர் எங்கயும் எழுதல. 1864 வாக்குல கட்டாய வேலைய நிறுத்துன பிறகுதான் நீராவி டிரெட்ஜர் கொண்டாந்து மிச்சத்த முடிச்சாங்க. ஆள் சும்மா கெடைக்கிற வரைக்கும் மெஷினுக்கு செலவு பண்ண யாருக்கும் தோணல, எனக்கு அதுதான் இந்தக் கதையிலயே பெரிய வருத்தம்.

பிரிட்டன் ஏன் தடுத்துச்சுன்னா, இந்தியாவுக்குப் போற வழி பிரான்ஸ் கைக்குப் போயிரும்னு பயம். தொறந்த பிறகு அதிகமாப் போனது அவங்க கப்பல்தான். லண்டன்ல இருந்து பம்பாய்க்கு ஆப்பிரிக்காவ சுத்தி 19,800 கிலோமீட்டர், கால்வாய் வழியா 11,600. அதுவும் நீராவிக் கப்பலுக்குத்தான் லாபம், செங்கடல் காத்துல பாய்மரக் கப்பல ஓட்டுறது செரமம். இதே சமயம் எகிப்து கடன்ல முழுகிருச்சு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்ப பருத்தி வெல ஏறி, நம்ம கரிசக்காட்டுப் பருத்திக்கும் சேத்துத்தான், எகிப்துல பணம் புரண்டுச்சு. போர் முடிஞ்சு வெல விழுந்ததும் அப்ப எகிப்த ஆண்ட கெதீவ் இஸ்மாயில் வாங்குன கடன் கழுத்தப் பிடிச்சுது. 1875ல கால்வாய் கம்பெனில இருந்த பங்கு 1,76,602ஐயும் அவர் விக்கிறார்னு தெரிஞ்சதும் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ரோத்சைல்டு பேங்க் குடும்பத்துகிட்ட கடன் வாங்கி கிட்டத்தட்ட 40 லட்சம் பவுண்டுக்கு அள்ளிட்டார். 1880ல லாபத்துல வர்ற 15 சதவீதத்தையும் எகிப்து வித்துருச்சு. 1882ல பிரிட்டிஷ் படையே உள்ள வந்து உக்காந்துருச்சு. தன் மண்ணு, தன் சனம் தோண்டுனது, ஆனா அதுல இருந்து வர்ற காசுல ஒத்தப் பைசா கெடையாது. 1956ல என்ன நடந்துச்சுன்னு புரிய இது தெரிஞ்சா போதும்.

1956 சூலை 26, அலெக்சாண்ட்ரியாவுல நாசர் பேசுறார். அஸ்வான் அணைக்குத் தர்றேன்னு சொன்ன பணத்த அமெரிக்காவும் பிரிட்டனும் அப்பதான் இல்லன்னு கைவிரிச்சிருந்தாங்க. ரேடியோவுல "டி லெசெப்ஸ்"னு பேர் கேட்டதும் கம்பெனி ஆபீசுக்குள்ள நுழைஞ்சு கைப்பத்தணும்னு ஆளுங்களுக்கு சங்கேதம். யாருக்கும் கேக்காமப் போயிரக் கூடாதுன்னு அந்தப் பேர பேச்சுல திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சு முடியுறப்ப கால்வாய் எகிப்து கையில. கம்பெனி செப்டம்பர்ல வெளிநாட்டு பைலட்டுகள திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு, இவங்களால ஒரு கப்பலக்கூட விட முடியாதுன்னு நெனச்சாங்க. இருந்த கொஞ்ச பைலட்ட வச்சு ராப்பகலா எகிப்துக்காரங்க ஓட்டிக் காமிச்சாங்க. அக்டோபர் கடைசில இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூணும் படையெடுத்து, உலகமே எதிர்க்க, அமெரிக்காவும் கூட நிக்காததால பின்வாங்குனாங்க. ஐநா அனுப்புன அமைதிப்படைல நம்ம இந்திய ஜவான்களும் இருந்தாங்க. இப்பவும் கால்வாய் எகிப்து அரசோட சூயஸ் கால்வாய் ஆணையம் கையிலதான்.

மாட்டுத்தாவணி குரூப் 2:

டீச்சர், நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன், உங்க பதில நோட்டுல எழுதி வச்சுட்டேன். 1967லயும் மூடுனாங்கன்னு ஒரு எடத்துல பாத்தேன், அது வேற சண்டையா? பனாமாவையும் இதே டி லெசெப்ஸ்தான் வெட்டுனாரா? ரெண்டையும் போட்டுக் கொழப்பி கேள்வி கேக்குறாங்க.

பசுமலை டீச்சர்:

நல்லா படிப்பா. 1967 ஆறு நாள் போர்ல மூடுனாங்க, எட்டு வருசம் தொறக்கல, 1975 சூன் 5லதான் எகிப்து அதிபர் சதாத் தொறந்து விட்டார். மூடுன நேரம் உள்ள இருந்த 14 கப்பல் கால்வாய் வழியில இருக்குற கிரேட் பிட்டர் லேக்ங்கிற ஏரிலயே மாட்டிக்கிச்சு. மேல பாலைவன மண்ணு படிஞ்சு மஞ்சளாப் போனதால மஞ்சள் கப்பல்படைன்னே பேராச்சு. எதிரெதிர் அணி நாட்டுக் கப்பலெல்லாம் அதுல உண்டு, ஆனா மாலுமிங்க ஒண்ணாச் சேந்து சங்கம் வச்சு, தபால்தலை அடிச்சு, 1968ல தங்களுக்குள்ள ஒலிம்பிக்கே நடத்துனாங்க. கடைசில ரெண்டு ஜெர்மன் கப்பல் மட்டும் சொந்த இன்ஜின்ல ஊர் போய்ச் சேந்துச்சு.

பனாமாவ 1881ல டி லெசெப்ஸ் கம்பெனிதான் ஆரம்பிச்சுது. சூயஸ் மாதிரியே கடல் மட்டத்துக்கு வெட்டிரலாம்னு எறங்குனாங்க, ஆனா அங்க மலையும் மழையும். மலேரியாவுலயும் மஞ்சக் காமாலை மாதிரி வர்ற மஞ்சள் காய்ச்சல்லயும் ஏகப்பட்ட பேர் செத்து, 1889ல கம்பெனி திவாலாயிருச்சு. அமெரிக்கா 1904ல எடுத்து, கொசு ஒழிப்ப முதல்ல பண்ணிட்டு, சீஃப் சார் சொன்ன மாதிரி கதவு வச்சு தண்ணி ஏத்துற முறைல கட்டி 1914 ஆகஸ்ட் 15ல தொறந்துச்சு. மலேரியா கொசுவால வருதுன்னு ரொனால்டு ராஸ் கண்டுபிடிச்சது 1897ல நம்ம செகந்திராபாத்துல, அது ஒரு கேள்வியா வரலாம். இன்னொண்ணு, 1888ல காந்தி லண்டனுக்குப் படிக்கப் போனதும் சூயஸ் வழியாத்தான், அத வெட்டுன திறமையப் பாத்து அசந்துபோய் டைரில எழுதி வச்சிருக்கார்.

திருமங்கலத்தான் தூத்துக்குடி:

நார்மில் அண்ணே, நான் திருமங்கலம், தூத்துக்குடில கிளியரிங் வேலைல இருக்கேன், உங்க மாதிரி காயர் பார்ட்டிங்க சரக்குதான் தெனம் பாக்குறேன். நீங்க கேட்ட நேரடிக் கேள்விக்கு வர்றேன். கால்வாய் தொறந்துதான் இருக்கு. பிரச்சன கால்வாய்ல இல்ல, அதுக்குப் போற வழியில. செங்கடலுக்குள்ள தெக்க இருந்து நுழையணும்னா ஏமனுக்கும் ஜிபூட்டிக்கும் நடுவுல பாப் எல் மன்டெப்னு ஒரு ஜலசந்தி இருக்கு, 30 கிலோமீட்டர் அகலம்தான். வீட்டு வாசல் தொறந்திருந்தும் தெரு முக்குல நின்னு கல்லெறிஞ்சா யார் வருவா, அந்தக் கததான். 2023 நவம்பர் 19ல ஏமன்ல இருக்குற ஹவுதி கிளர்ச்சிக்காரங்க ஹெலிகாப்டர்ல எறங்கி கேலக்ஸி லீடர்னு ஒரு கப்பலையே பிடிச்சுட்டுப் போனாங்க, அப்புறம் டிரோன், ஏவுகணைன்னு அடிக்க ஆரம்பிச்சு 2024ல ரெண்டு கப்பல் முழுகியே போச்சு. பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனியெல்லாம் ஆளும் கப்பலும் பொழச்சாப் போதும்னு தென்னாப்பிரிக்கா முனைய சுத்த ஆரம்பிச்சது அப்பதான்.

சுத்துனா 10 நாள்ல இருந்து ரெண்டு வாரம் கூட ஆகும். ஆனா அந்த நாள் மட்டும் செலவு இல்லண்ணே. வாரா வாரம் ஒரு கப்பல் விடணும்னா அதே ரூட்டுக்கு ரெண்டு மூணு கப்பல் கூடப் போடணும், எண்ணெய் கூட எரியும், நம்ம பெட்டி அங்க போய் காலியாகி திரும்பி வர்றதும் லேட்டாகும், அப்ப தூத்துக்குடில காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு, அதுக்கு ஒரு ரேட்டு. கொழும்புல எல்லாக் கப்பலும் நேரம் தவறி வர்றதால நம்ம பெட்டி தூத்துக்குடில இருந்து கொண்டுபோற சின்னக் கப்பல்ல இருந்து எறங்கி யார்டுல கெடக்கும், அதுவும் சேந்துதான் உங்களுக்கு தேதி சொல்ல முடியல. உங்க ஆள் போட்ட எக்ஸ்ட்ரா சார்ஜ் அதுக்குத்தான், ஆனா எந்தப் பேர்ல எவ்வளவுன்னு கப்பல் கம்பெனி போட்ட நோட்டீஸ கேட்டு வாங்கிப் பாருங்க, கேக்குறது உங்க உரிமை. ஒத்த வரில பதில் சொல்லிட்டுப் போறது சரியில்ல.

எகிப்துக்கும் இது பெரிய அடி. 2023ல 26,000க்கு மேல கப்பல் போச்சு, வருமானம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல. அடுத்த வருசம் அதுல பாதிகூட வரல. 2015ல தான் அவங்க காசப் போட்டு 35 கிலோமீட்டருக்கு புதுசா பக்கத்து வழி தோண்டி, 37 கிலோமீட்டருக்கு பழைய வழிய ஆழமாக்குனாங்க, காத்திருக்கிற நேரத்தக் கொறைக்க.

தல்லாகுளம் டீக்கடை:

இதப் படிக்கிறப்ப பாக் நீரிணைல தோண்ட ஆரம்பிச்சு பாதில நின்னுபோன நம்ம சேது கால்வாய்தான் மனசுல வருது. 2005 சூலை 2ல பிரதமர் மன்மோகன் சிங் வந்து ஆரம்பிச்சு வச்சது நம்ம மதுரைலதான், அன்னிக்கு ஊரே திமிலோகப்பட்டுச்சு. 1860லயே டெய்லர்னு ஒருத்தர் சொன்ன திட்டம். அது முடிஞ்சிருந்தா தூத்துக்குடி எங்கயோ போயிருக்கும், கொழும்புல போய் நிக்கிற வேல இருந்திருக்காது. சூயஸ முடிக்க முடிஞ்சவனுக்கு இருந்த உறுதி நமக்கு இல்லாமப் போச்சேன்னுதான் ஆதங்கம்.

தொண்டிக்கரை:

அண்ணே உங்க ஆதங்கம் புரியுது. ஆனா எங்க குடும்பம் தொண்டிப் பக்கம் கடல்ல தொழில் பாக்குறவங்க, நான் மதுரைல மீன் வியாபாரம், எனக்கு அந்தக் கடல் தெரியும். சூயஸ்ல நெலத்தத் தோண்டுனா பள்ளம் நிக்கும், அங்கயும் தூர் எடுத்துக்கிட்டேதான் இருக்கணும், இருந்தாலும் கரைன்னு ஒண்ணு இருக்கு. பாக் நீரிணைல கடலுக்குள்ளயே தோண்டணும். வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல ஒரு மணல், கச்சான் காத்து மாசத்துல ஒரு மணல்னு அடி மண்ணு எடம் மாறிக்கிட்டே இருக்கும். 12 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுனத அடுத்த வருசம் மறுபடி தோண்டணும். அள்ளுன சேத்த எங்க கொட்டுவீங்க? அந்தக் கடல் புல்லுலதான் ஆவுளியா, அதான் கடல் பசு, மேயுது, மீன் குஞ்சு பொரிக்குது. எங்க வீட்டுப் பெரியவங்க அப்ப கேட்டது ஒரே கேள்விதான், கப்பல் போற பாதைல வலை போட விடுவீங்களான்னு, அதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல. 2007ல சுப்ரீம் கோர்ட் ராமர் பாலம்னு சொல்ற மணல்திட்டுப் பக்கம் கைவைக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. நிறுத்துன காரணம் வேறயா இருக்கலாம், எங்களுக்கு நிம்மதி.

கேகேநகர் சீஃப்:

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கப்பல்காரனா ஒண்ணு சொல்றேன். சூயஸ்ல 20 மீட்டர் அடி ஆழம் பிடிக்கிற கப்பல் போகலாம். சேதுல 12 மீட்டர் தோண்டுனா 10 மீட்டர் பிடிக்கிற கப்பல்தான் போகும், கொழும்புக்கு வர்ற பெரிய கன்டெய்னர் கப்பல் அதுக்குள்ள நுழையவே முடியாது. அதனால சேது வந்திருந்தாலும் நார்மில் தம்பி சரக்கு கொழும்புலதான் மாறிருக்கும். தூத்துக்குடில இருந்து சென்னை, விசாகப்பட்டினம் போற சின்னக் கப்பலுக்கு லாபம் உண்டு, அதுலயும் பைலட் ஏத்தி மெதுவாப் போற நேரத்தக் கழிச்சுப் பாக்கணும். சூயஸ் 8,000 கிலோமீட்டர மிச்சம் பிடிச்சுது, அதுக்கு அந்தச் செலவு தகும். தூத்துக்குடி வளரணும்னா துறைமுகத்த இன்னும் ஆழப்படுத்தி பெரிய கப்பல நேரா வரவைக்கிறதுதான் என் ஓட்டு.

சிங்கம்புணரி நார்மில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், கூடையில மண்ணு சொமந்தவங்க பத்தி நீங்க எழுதுனத வீட்டுல வாசிச்சுக் காமிச்சேன். திருமங்கலம் தம்பி, நோட்டீஸ் கேட்டிருக்கேன். இன்னொரு சந்தேகம், எவர் கிவன் மாட்டுனப்ப அதுல சரக்கு வச்சிருந்த பார்ட்டிங்க கப்பல் நஷ்டத்துக்கு பணம் கட்டுனாங்கன்னு ஒருத்தர் சொன்னார். கப்பல் தட்டுனா சரக்குக்காரன் ஏன் கட்டணும்? நான் சில பேருக்கு எஃப்ஓபி, சில பேருக்கு சிஐஎஃப்ல போடுறேன்.

திருமங்கலத்தான் தூத்துக்குடி:

உண்மைதாண்ணே, அதுக்கு ஜெனரல் ஆவரேஜ்னு பேரு, ரொம்ப பழைய கடல் சட்டம். கப்பலையும் சரக்கையும் சேத்துக் காப்பாத்த ஒரு அசாதாரண செலவு பண்ணா, அந்தச் செலவ கப்பல்காரனும் கப்பல்ல இருக்குற அத்தன சரக்குக்காரனும் அவங்கவங்க மதிப்புக்கு ஏத்தபடி பங்கு போட்டுக்கணும். எவர் கிவன்ல ஓனர் அத அறிவிச்சார். கப்பல எகிப்து விட்டதே சூலை 7லதான், அதுக்கப்புறமும் கேரண்டி குடுத்தவங்களுக்குத்தான் பெட்டி கைக்கு வரும். இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கேரண்டி குடுத்துரும். இல்லாதவங்க ரொக்கமா டெபாசிட் கட்டணும்.

எஃப்ஓபின்னா பெட்டி தூத்துக்குடில கப்பல்ல ஏறுன பிறகு ரிஸ்க் ஹாலந்து பார்ட்டியோடது. சிஐஎஃப்னா பாலிசி நீங்க எடுத்துத் தரணும். எடுக்கிறப்ப 'க்ளாஸ் ஏ'ங்கிற விதி போட்ட பாலிசியா எடுங்க, ஜெனரல் ஆவரேஜ் அதுல அடங்கும். ஆனா வார் ரிஸ்க், அதாவது போரால வர்ற நஷ்டம், அதுல வராது, அத தனியா சேக்கச் சொல்லுங்க, செங்கடல் பக்கம் கப்பல் திரும்பப் போக ஆரம்பிச்சா அது கட்டாயம் வேணும். லேட்டானதால வர்ற நஷ்டத்துக்கு இந்த மாதிரி சரக்குப் பாலிசில பணம் வராது, அதனால பார்ட்டிகிட்ட காண்ட்ராக்ட் போடுறப்பயே சேர்ற தேதிய எழுதாதீங்க, தூத்துக்குடில ஏத்துற தேதிய மட்டும் எழுதுங்க. அடுத்த பெட்டிக்கு பாலிசி காப்பி வந்ததும் இங்க கேளுங்க, எந்த விதி விட்டுப்போயிருக்குன்னு பாத்துச் சொல்றேன்.